ஐந்து கம்பி பேஸ் கிட்டார்: எதைக் கேட்டு, எதைத் தொட்டு வாங்குவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு திருமண வரவேற்பு. மெல்லிசைக் குழுவில் நான் நான்கு கம்பி பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒத்திகையில் 3 கட்டையில் பழகியிருந்த பாட்டு. மேடையேறியதும் பாடகர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, "தம்பி, தொண்டை கட்டியிருக்கு, ரெண்டு கட்டைக்கு இறக்கிக்கலாம்" என்றார். கீபோர்டு வாசித்தவர், சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். அவருடைய வேலை அத்துடன் முடிந்தது. எனக்கோ, பாட்டின் ஆதாரமான கீழ் ஷட்ஜமே கருவியில் இல்லாமல் போயிற்று. வேறு வழியின்றி ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்தேன். பாட்டு நிற்கவில்லை, ஆனால் பல்லவி திரும்பிவரும் ஒவ்வொரு முறையும் அடியில் இருக்க வேண்டிய கனம் இல்லாமல் தபேலாவும் கீபோர்டும் அந்தரத்தில் தொங்கின.

ஐந்து கம்பி பேஸ் எதற்கு என்று புதிதாகக் கற்பவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேடைதான் நினைவுக்கு வருகிறது. நான்கு கம்பி பேஸில் தாழ்விலிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கிறோம். அதில் மிகத் தாழ்ந்த ஒலியான ‘இ’, நம் கணக்கில் 3 கட்டை. நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். ஐந்து கம்பி பேஸில் இதற்கும் கீழே ‘பி’ என்ற கம்பி சேர்கிறது. விரல் வைக்காமல் மீட்டினால் அது நொடிக்கு ஏறத்தாழ 31 முறை அதிர்கிறது. கருவியின் கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளே ஃப்ரெட்டுகள். அந்தக் கம்பியின் முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் கிடைப்பவை சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப், அதாவது 1, 1½, 2, 2½ கட்டைகள். நம் ஊர் ஆண் குரல்களில் பெரும்பாலானவை வசதியாக உட்காரும் சுருதிகள் இவைதாம் என்பதைப் பாடுபவர்களோடு பழகிய எவரும் அறிவர்.

பெண் குரலுக்கு இந்தக் கம்பி தேவைப்படாது என்று எண்ண வேண்டாம். 4, 4½, 5, 5½ கட்டைகளில் பாடும்போது ஷட்ஜம் ‘இ’ கம்பியிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஷட்ஜத்திலிருந்து கீழிறங்கி மந்திர பஞ்சமத்தைத் தொட்டுத் திரும்புவதே பேஸ் வாசிப்பின் அன்றாட நடை. அந்த நான்கு சுருதிகளின் கீழ்ப் பஞ்சமங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள்: முறையே சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப். மறுபடியும் அதே நான்கு ஃப்ரெட்டுகள்! ஆகவே, எல்லாவற்றுக்கும் உதவும் ஐந்து கம்பி பேஸ் எது என்பதற்கு என் விடை சுருக்கமானது: ‘பி’ கம்பியின் முதல் நான்கு ஃப்ரெட்டுகளும் எந்தக் கருவியில் தெளிவாகப் பேசுகின்றனவோ அதுவே. மரத்தின் அழகு, தலையில் உள்ள பெயர், குமிழ்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வரலாற்றைப் பார்த்தால், ஐந்தாவது கம்பி முதலில் கீழே சேர்க்கப்படவில்லை என்பது வேடிக்கை. 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்ட ஃபெண்டர் நிறுவனம், 1965இல் பேஸ் ஃபைவ் என்ற ஐந்து கம்பிக் கருவியைக் கொண்டுவந்தபோது, மேலே ஒரு ‘சி’ கம்பியைக் கூட்டி ஃப்ரெட்டுகளைப் பதினைந்தாகக் குறைத்தது, அது எடுபடவில்லை. கீழ் ‘பி’ கம்பி பரவ வழி திறந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க பேஸ் கலைஞர் அந்தோணி ஜாக்சன். 1975இல் கிட்டார் செய்பவரான கார்ல் தாம்சன் அவருக்காகச் செய்த ஆறு கம்பிக் கருவியில் கீழே ஒரு ‘பி’யும் மேலே ஒரு ‘சி’யும் இருந்தன. 1980களில் சிந்தசைசர்கள் ‘இ’க்கும் கீழான பேஸ் ஒலிகளைப் பாடல்களில் பழக்கிவிட்ட பின், மேடையில் அவற்றை வாசிக்க ஐந்து கம்பி தேவையாயிற்று. மியூசிக் மேன் நிறுவனத்தின் ஐந்து கம்பி ஸ்டிங்ரே வந்தது 1987இல்.

இனி அந்தக் கம்பியின் இயல்பு. கம்பியின் ஒலி அதன் நீளம், இறுக்கம், எடை ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பது பள்ளியில் சோனாமீட்டரை வைத்துப் படித்ததுதான். நீளத்தை மாற்றாமல் ஒலியைத் தாழ்த்த வேண்டுமானால், ஒன்று கம்பியைத் தளர்த்த வேண்டும், அல்லது பருமனாக்க வேண்டும். ‘இ’ கம்பி .105 அங்குலமாக இருக்கும்போது ‘பி’ கம்பியும் அதே இறுக்கத்தில் நிற்க, கணக்குப்படி ஏறத்தாழ .140 அங்குலப் பருமன் வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் கம்பித் தொகுப்புகளில் பெரும்பாலும் வருவது .130 தான், அதாவது 3.3 மில்லிமீட்டர். ஆகவே ஐந்து கம்பிகளுள் ‘பி’ சற்றுத் தொய்வாக இருப்பது இயல்பே. இன்னும் பருமனாக்கலாமே என்றால், கம்பி பருக்கப் பருக்க விறைப்பாகி, நூல் போல வளைந்து அதிர்வதற்குப் பதில் குச்சி போல நடந்துகொள்ளத் தொடங்கும். மேலெழும் கிளை ஒலிகள் சுருதியிலிருந்து விலகி, ஒலி மங்கிவிடும். மலிவான கருவிகளில் ‘பி’ கம்பியை மீட்டினால் "தொப்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்து, எந்தச் சுரம் என்றே காதுக்குப் பிடிபடாமல் போவதற்கு இந்தத் தொய்வும் விறைப்பும் பெருமளவு காரணம்.

இதற்கு மருந்தாகப் பலர் சொல்வது 35 அங்குல ஸ்கேல். நெக்கின் முனையில் கம்பியைத் தாங்கும் நட் முதல், உடம்பில் அதைத் தாங்கும் பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளமே ஸ்கேல். வழக்கமான அளவு 34 அங்குலம். இறுக்கம் நீளத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், ஓரங்குலம் கூட்டினால் அதே கம்பி அதே சுருதியில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் இறுக்கம் பெறும். நல்லதுதான். ஆனால் 34 அங்குலக் கருவியிலேயே .130 கம்பியைக் கழற்றிவிட்டு .135 போட்டால், ஏறத்தாழ 8 சதவீதம் கூடிவிடுகிறது. செலவு ஒரு கம்பியின் விலை. எனவே 35 அங்குலம் என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கை சிறியவர்களுக்கு முதல் நான்கு ஃப்ரெட்டுகளின் இடைவெளி அதனால் இன்னும் அகன்றுவிடும். டிங்வால் நிறுவனம் ஃப்ரெட்டுகளை விசிறிபோல் சாய்த்து, ‘பி’ கம்பிக்கு 37 அங்குலமும் ‘ஜி’ கம்பிக்கு 34 அங்குலமும் தருகிறது. அங்கே ‘பி’ உண்மையிலேயே வேறு மாதிரி ஒலிக்கும். விலையும் வேறு மாதிரி இருக்கும்.

தலைப்பகுதியில் முறுக்காணிகள் ஒரே வரிசையில் இருந்தால் ‘பி’ இறுக்கமாகும், கம்பியை உடம்பின் பின்புறமிருந்து கோத்தால் இறுக்கமாகும் என்றெல்லாம் கடைகளில் சொல்லக் கேட்கலாம். ஒரே கம்பி, ஒரே ஸ்கேல், ஒரே சுருதி என்றால் இறுக்கமும் ஒன்றே. நட்டுக்கு அப்பால் மிச்சமிருக்கும் நீளம் அதை மாற்றாது. உண்மையில் மாற்றுவது நெக்கின் உறுதியும், நெக் உடம்பில் பொருந்தும் நேர்த்தியும்தான். அந்தப் பொருத்துமிடத்தின் பக்கவாட்டில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறதென்றால், கருவியை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் வாங்கிய முதல் ஐந்து கம்பி பேஸை இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்பே, படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினேன். நிறம் அருமை. பெட்டியைப் பிரித்து, சுருதி சேர்த்து, ‘பி’ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டியபோது, சுருதிமானியின் முள் 36 முதல் 38 அதிர்வு வரை ஆடிக்கொண்டே இருந்தது, எங்கும் நிலைகொள்ளவில்லை. நட்டில் அந்தக் கம்பிக்கு வெட்டிய பள்ளம் குறுகலாக இருந்ததால், கம்பி அதற்குள் இறங்காமல் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. புதுச்சேரியில் பழுது பார்ப்பவர் ஒருவர் அரத்தால் பத்து நிமிடம் தேய்த்துப் பாதிக் குறையைத் தீர்த்தார். மீதிப் பாதி கருவியோடு பிறந்தது, தீரவில்லை.

ஆகவே முடிந்தவரை நேரில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். புதுச்சேரிக் கடைகளில் ஐந்து கம்பிக் கருவிகள் ஒன்றிரண்டுதான் இருக்குமென்றால், சென்னைக்குப் பேருந்தேறி, அண்ணா சாலையில் 1842 முதல் நடந்துவரும் மியூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடைகளில் ஒரு பகல் முழுவதையும் செலவிடுவது வீண் போகாது. போகும்போது கைப்பேசியில் சுருதிமானிச் செயலி ஒன்றையும், கிளிப் வகைச் சுருதிமானி இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

கடையில் முதலில் ஆம்ப் என்ற ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். கருவியை மடியில் வைத்து, ‘பி’ கம்பியை முதல் ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டி, ஒலி எத்தனை நொடி நிற்கிறது, சுரமாக நிற்கிறதா, வெறும் அதிர்வாக நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அதே ‘பி’ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டையும், ‘இ’ கம்பியை விரல் வைக்காமலும் மாறி மாறி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ‘இ’ ஒலிதான். நல்ல கருவியில் இரண்டும் அக்காள் தங்கை போல இருக்கும். மோசமான கருவியில் ஒன்று வீட்டுக்குள்ளிருந்தும் மற்றொன்று தெருக்கோடியிலிருந்தும் பேசுவது போல இருக்கும். அடுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் ஒலியும் சுருதிமானியில் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டாலும் உடனே ஒதுக்க வேண்டாம்; பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலை முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம். சேடில் ஏற்கெனவே பின்னோக்கி முழுவதும் போய்விட்ட நிலையிலும் சரியாகவில்லை என்றால்தான் சிக்கல். ‘ஜி’ கம்பியின் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வரை ஒலி சட்டென்று அவிந்து போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல பேஸ்களில் அங்கே ஒரு செத்த இடம் இருக்கும்.

அடுத்தது கம்பிகளுக்கு இடையிலான தூரம். கருவியை வாங்கிய ஆறாம் மாதத்தில்தான் பலர் இதைப் பற்றி யோசிக்கிறார்கள். பிரிட்ஜில் ஃபெண்டர் பாணிக் கருவிகள் பலவற்றில் இது 19 மில்லிமீட்டர் வரை இருக்கும்; மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் 17.5, ஐபனீஸ் எஸ்ஆர் வரிசையின் ஐந்து கம்பிக் கருவிகளில் 16.5. ஒரு கம்பிக்குக் கம்பி இரண்டரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நான்கு இடைவெளிகளையும் சேர்த்தால் 16.5க்கும் 19க்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். குறுகிய இடைவெளி இடக்கைக்கு மெல்லிய நெக்கைத் தரும். விரலால் மட்டும் மீட்டுபவருக்கும் கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவருக்கும் ஏற்றது. கட்டைவிரலால் தட்டி, ஆள்காட்டி விரலால் சுண்டி இழுக்கும் ஸ்லாப் முறைக்கு விரல் நுழைய இடம் வேண்டும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாசிக்க விரும்புபவருக்கு 17.5 முதல் 18 வரையிலான நடு அளவு பொருந்துமென்று நினைக்கிறேன். ஆனாலும் கையளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், இதில் என் சொல்லைவிட உங்கள் விரல் சொல்வதையே கேளுங்கள்.

பிக்கப் விஷயத்துக்கு வருவோம். கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருளே பிக்கப். ஒற்றைச் சுருள் வகை தெளிவாகப் பேசும். ஆனால் சுற்றியுள்ள மின்சார இரைச்சலையும் அப்படியே உள்வாங்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுகிறது. ‘இ’ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ‘ஜி’ 49. அதாவது கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்குகள் நாள் முழுக்க ஏறக்குறைய 5 கட்டையில் ரீங்கரித்துக்கொண்டிருக்கின்றன! இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர், ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த சுருள்களால் அந்த ரீங்காரத்தை அடித்துவிடும். ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு ஒற்றைச் சுருள்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருப்பதால், இரண்டையும் சமமாகத் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றை மட்டும் திறந்தால் திரும்பி வரும். எந்த வகையானாலும் இரண்டு பிக்கப்புகளும், அவற்றைக் கலக்க ஒரு குமிழும் இருப்பதே பல பயன்களுக்கு உகந்தது. நெக் பக்கம் திருப்பினால் பழைய மெல்லிசையின் உருண்ட ஒலி. பிரிட்ஜ் பக்கம் திருப்பினால் ஒவ்வொரு சுரமும் கடித்துப் பேசும் ஒலி.

ஆக்டிவ், பாஸிவ் என்ற பிரிவினை இதற்குப் பிறகு வருகிறது. பாஸிவ் கருவிக்கு பேட்டரி தேவையில்லை. அதன் டோன் குமிழால் மேல் ஒலியைக் குறைக்க மட்டுமே முடியும். ஆக்டிவ் கருவிக்குள் 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறு சுற்று ஒன்று இருந்து, கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டவும் குறைக்கவும் உதவும். புதியவர்கள் எடுத்தவுடன் கீழ் ஒலிக் குமிழை முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். டோலக்கின் தொப்பியும் ட்ரம்ஸின் கிக்கும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இடத்தில் அது சேறாகிவிடும். ‘பி’ கம்பியில் வாசிக்கும் சுரம் கேட்பவருக்குப் புரிய வேண்டுமானால், கூட்ட வேண்டியது நடு ஒலி. ஆகவே நடு ஒலிக்கென்று தனிக் குமிழ் உள்ள கருவியை எடுங்கள். ஆக்டிவிலிருந்து பாஸிவுக்கு மாற்றும் விசையும் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டின் நடுவில் பேட்டரி இறந்தால் விசையைத் தட்டிவிட்டுத் தொடரலாம். கேபிளைச் செருகியவுடன் அந்தச் சுற்று இயங்கத் தொடங்கிவிடும். வாசிக்காத நேரத்தில் கேபிளைப் பிடுங்கி வைப்பது பேட்டரிக்கு ஆயுள்.

கருவிக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, வீட்டில் எட்டங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறு ஆம்பில் வாசித்துவிட்டு, "‘பி’ கம்பி கேட்கவே இல்லை" என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அந்த அளவு ஸ்பீக்கர் 31 அதிர்வை வெளியிடாது. இருந்தும் சுரம் ஓரளவு புரிகிறதென்றால், 62, 93 என்று மேலே வரும் கிளை ஒலிகளைக் கேட்டு, இல்லாத அடி ஒலியை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் கிளை ஒலிகள் தெளிவாக எழும் கம்பியும், நடு ஒலியும் இத்தனை முக்கியமாகின்றன. வீட்டுப் பயிற்சிக்கு நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும். மேடைக்கு மண்டபத்தின் ஒலியமைப்பாளரிடம் நேரடியாக, கருவியின் மின்குறிப்பை அவருடைய மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பெட்டி வழியாகக் கொடுத்துவிடலாம்.

எடை பற்றி ஒரு சொல். ஐந்து கம்பி பேஸ்கள் பொதுவாக 4 கிலோவுக்குக் குறையாது. வாருடன் தோளில் மாட்டி, இரண்டு கைகளையும் எடுத்துப் பாருங்கள். தலைப்பகுதி தரையை நோக்கிச் சாய்ந்தால், மூன்று மணி நேரக் கச்சேரி முழுவதும் உங்கள் இடக்கை வாசிப்பதோடு நெக்கைத் தாங்கும் வேலையையும் செய்ய வேண்டியிருக்கும்.

நம் கரையோரத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது உப்புக்காற்று. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் கருவியை இரண்டு வாரம் சுவரில் மாட்டிவைத்திருந்தேன். சேடில்களின் திருகுகளில் மஞ்சள்பொடி தூவியதுபோலத் துரு பூத்திருந்தது. நிக்கல் கம்பியைவிடத் துருவேறாத எஃகுக் கம்பியும், மேலே பூச்சுக் கொடுத்த கம்பியும் இங்கே அதிக நாள் தாங்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு பிடித்துத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட உறைக்குள் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி நெக்கின் வளைவு மாறுவதால், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புத் தண்டைச் சற்றே திருப்பிச் சரிசெய்ய வேண்டிவரும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, எட்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே விசிட்டிங் கார்டின் கனம் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். கழுத்தை முறிப்பது போன்ற வேலை அது. முதல் முறை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம்.

இத்தனையும் கேட்டபின், உங்களுக்கு ஐந்தாவது கம்பி தேவையில்லை என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவே. தேவாலயப் பாடகர் குழுவில் மட்டும் வாசிக்கிறீர்கள், சுருதிகள் பெரும்பாலும் ‘இ’க்கு மேலேயே இருக்கின்றன என்றால், நான்கு கம்பி பேஸ் இலேசானது, மலிவானது, கையாள எளிது. எப்போதாவது தாழ்வு தேவைப்படுபவர், ஐந்து கம்பித் தொகுப்பின் கீழ் நான்கையும் நான்கு கம்பிக் கருவியில் பூட்டி பி, இ, ஏ, டி என்று சுருதி சேர்க்கலாம். நட்டின் பள்ளங்களை அகலப்படுத்தினால் போதும், போவது மேல் ‘ஜி’ மட்டுமே. நேற்று ஆலயத்தில், இன்று மண்டபத்தில், ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களில் நடக்கும் இசைத் திருவிழாவில் ஏதோ ஒரு ஜாஸ் குழுவோடு என்று ஓடுபவருக்குத்தான் ஐந்து கம்பி முழுப் பயன் தரும். அவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: ‘பி’ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் கையை ஊன்றிவிட்டால், சுருதி அரைக் கட்டை ஏறினாலும் இறங்கினாலும் விரல்களின் வடிவம் மாறாது, கை முழுவதும் ஓரிடம் நகர்ந்தால் போதும்.

வாங்கிய முதல் மாதம் குழப்பமாகவே இருக்கும். இத்தனை நாள் மேலே இருந்த ‘இ’ இருந்த இடத்தில் இப்போது ‘பி’ இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் எல்லாம் ஒரு கம்பி தள்ளிப் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, நீங்கள் தொடாமலே ‘பி’ கம்பி மற்றக் கம்பிகளோடு சேர்ந்து அதிர்ந்து, அடியில் ஓயாமல் முணுமுணுப்பது. வலது கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் நிலையாக ஊன்றாமல், மேல்கம்பிகளுக்குப் போகும்போதெல்லாம் அதுவும் கூடவே இறங்கி, ‘பி’யின் மேல் சாய்ந்து, அடுத்து ‘இ’யின் மேல் சாய்ந்து, பயன்படுத்தாத கம்பிகளை அமுக்கிக்கொண்டே வரும்படி பழக்குங்கள். தினமும் பத்து நிமிடம், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, 2 கட்டையில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே முழு மௌனம் கேட்கும் வரை.